மத்தியும் மாநிலமும்: அதிகாரம் பகிரப்படும் முறை

தைப்பூசம் வேலை நாளில் வந்தால் பினாங்கு, பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. அதே நாளில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பள்ளி மணி வழக்கம்போல் ஒலிக்கிறது. தீபாவளி சரவாக்கைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் பொது விடுமுறை. வார விடுமுறையும் நாடு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பிற மாநிலங்களில் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஜொகூர் மாநிலம் 2014-ஆம் ஆண்டில் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிற்றுக்கே திரும்பியது.

நாடு ஒன்று, கல்வி அமைச்சு ஒன்று, பாடத்திட்டமும் ஒன்று. அப்படியிருக்க, விடுமுறை மட்டும் ஏன் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது? கல்வி கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பு. மாநில விடுமுறை நாள்களை முடிவு செய்வது மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. இதனால்தான் கல்வி அமைச்சு தன் பள்ளி நாள்காட்டியை ஏ பிரிவு, பி பிரிவு என இரண்டாக வெளியிடுகிறது. இந்த ஒரு செய்தியில் மாநிலங்களின் முடிவுக்கு ஏற்ப மத்திய அமைச்சே தன்னை மாற்றிக்கொள்கிறது.

மலேசியாவில் மத்திய அரசாங்கம் மிகவும் வலுவானது. ஆயினும் அது எல்லாவற்றையும் தனித்து முடிவு செய்வதில்லை. அதிகாரம் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது, ஏன் அவ்வாறு பிரிக்கப்பட்டது, அந்தப் பிரிவு மக்களின் அன்றாட வாழ்வை எவ்வாறு தொடுகிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஒற்றையாட்சியும் கூட்டாட்சியும்

உலக நாடுகளின் ஆட்சிமுறைகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே அரசாங்கத்திடம் முழு அதிகாரமும் இருப்பது ஒற்றையாட்சி. மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் அரசியலமைப்புச் சட்டத்தின்படி அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டாட்சி. சிங்கப்பூரில் மாநிலங்கள் இல்லை. அது ஒற்றையாட்சி நாடு. மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவை கூட்டாட்சி நாடுகள்.

ஒற்றையாட்சி நாடுகளும் வட்டாரங்களுக்கு அதிகாரம் வழங்குவது உண்டு. பிரிட்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997-இல் ஸ்காட்லாந்து மக்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் தங்களுக்கெனத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றனர். அதற்கான சட்டம் 1998-இல் லண்டனில் நிறைவேறியது. 1999 முதல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளில் சொந்தமாகச் சட்டம் இயற்றி வருகிறது.

ஆயினும், இவ்வாறு வழங்கப்படும் அதிகாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. வட அயர்லாந்துக்கு 1921 முதல் தனி நாடாளுமன்றம் இருந்தது. அங்கு வன்முறை பெருகியபோது, 1972-இல் லண்டன் அரசாங்கம் அந்த நாடாளுமன்றத்தை இடைநிறுத்தி ஆட்சியை நேரடியாக ஏற்றது. மறு ஆண்டு அது ஒழிக்கப்பட்டது. இதற்குச் சாதாரணச் சட்டமே போதுமானதாக இருந்தது. ஒற்றையாட்சியில் வட்டாரத்திற்குக் கிடைப்பது, மத்திய அரசாங்கம் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரம். கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற முடியும்.

கூட்டாட்சியில் நிலைமை வேறு. மலேசியாவில் மாநிலங்களின் அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அதை மாற்ற நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சபா, சரவாக் ஆகியவற்றுக்குரிய சில பாதுகாப்புகளை மாற்ற, அந்த மாநில ஆளுநரின் இணக்கமும் தேவை. எனினும், இந்த வேலி தாண்டவே முடியாதது அன்று. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஆளுங்கட்சியிடம் இருந்த காலங்களில் அரசியலமைப்புச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

வலுவான மத்தி ஏன் அமைந்தது?

நம் நாடு ஒரே நாளில் ஒன்றிணைந்தது அன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தீபகற்பம் மூன்று விதமாக ஆளப்பட்டது. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூருடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 முதல் கோலாலம்பூரைத் தலைநகராகக் கொண்ட ஒரு கூட்டமைப்பாக இயங்கின. ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகிய ஐந்தும் அந்தக் கூட்டமைப்பில் சேராமல் தனித்தனியே இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 ஏப்ரல் 1-ஆம் நாள், ஆங்கிலேயர் தீபகற்ப மாநிலங்களை மலாயன் யூனியன் என்ற பெயரில் ஒரே அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தனர். சுல்தான்களின் அதிகாரம் ஏறத்தாழ இல்லாமல் போனது. மலாய் மக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1948 பிப்ரவரி 1-ஆம் நாள், மலாயன் யூனியன் கைவிடப்பட்டு மலாயாக் கூட்டரசு உருவானது. மாநிலங்களைக் கரைத்துவிட்டு ஒரு நாட்டை உருவாக்க முடியாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

விடுதலைக்கு முன், 1956-இல், அரசியலமைப்புச் சட்டத்தை வரைய ரீட் ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் ஐவர் இருந்தனர். தலைவர் ரீட் பிரபுவும் சர் ஐவர் ஜென்னிங்ஸும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். சர் வில்லியம் மெக்கெல் ஆஸ்திரேலியர். நீதிபதி மாலிக் இந்தியர். நீதிபதி அப்துல் ஹமீது பாகிஸ்தானியர். நூற்றுக்கும் மேற்பட்ட கோரிக்கை மனுக்கள் இந்த ஆணையத்திடம் வந்தன. வலுவான மத்திய அரசாங்கம் ஒன்றை அமைக்க வேண்டும். அதேவேளையில் மாநிலங்களுக்கு ஓரளவு தன்னாட்சியும் இருக்க வேண்டும் என்பதே ஆணையத்திற்கு இடப்பட்ட பணி. அவசரகாலப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டின் பாதுகாப்பையும் பொருளாதாரத்தையும் பதினொரு மாநிலங்கள் பதினொரு விதமாக நடத்த முடியாது. ஆனால், மாநிலங்களின் சம்மதம் இன்றியும் நாடு அமையாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே உருவான உடன்பாடே நம் அரசியலமைப்புச் சட்டம்.

மூன்று பட்டியல்கள்

அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, அரசாங்கத்தின் பணிகளை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது.

முதலாவது, கூட்டரசுப் பட்டியல். வெளியுறவு, தற்காப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு, குடியுரிமை, நிதி, வாணிகம், கல்வி, மருத்துவம், தொழிலாளர் நலன் ஆகியவை இதில் அடங்கும். இப்பட்டியல் மிக நீண்டது.

இரண்டாவது, மாநிலப் பட்டியல். நிலம், விவசாயம், காடு, இஸ்லாமியச் சமய விவகாரம், ஊராட்சி மன்றங்கள், மாநில விடுமுறைகள் ஆகியவை இதில் உள்ளன. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூட இப்பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. கடலாமை திரெங்கானுக் கடற்கரையில் ஏறி முட்டையிட்டால், அந்த முட்டைகளை யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்று விதிப்பது மாநிலத்தின் உரிமை.

மூன்றாவது, பொதுப் பட்டியல். சமூக நலன், வனவிலங்குப் பாதுகாப்பு, நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், நோய்த் தடுப்பு, வடிகால், விளையாட்டு, வீடமைப்பு போன்றவற்றில் இரு அரசாங்கங்களும் சட்டம் இயற்றலாம்.

இரு சட்டங்களும் முரண்பட்டால் என்ன செய்வது? கூட்டரசுச் சட்டமே செல்லும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு கூறுகிறது. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று வந்தால் அது மாநிலத்தைச் சேரும் என்று 77-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், கூட்டரசுப் பட்டியல் விரிவானது என்பதால், மாநிலத்திற்கென்று எஞ்சுவது குறைவே.

பட்டியலில் எழுதியதை நடைமுறையில் காண ஒரு சாலையே போதும். சாலையோரப் பலகையில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் மாநிலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை. பேராக்கிற்கு ஏ, சிலாங்கூருக்கு பி, ஜொகூருக்கு ஜே. வீடமைப்புப் பகுதியின் உட்சாலைகளைப் பொதுவாக நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ பராமரிக்கும். ஒரு குழியைப் பற்றிப் புகார் செய்ய விரும்புபவர், அந்தக் குழி எந்த அரசாங்கத்தின் சாலையில் உள்ளது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

அதிகாரமும் பணமும்

பணிகளைப் பிரிப்பது பாதி வேலை. அப்பணிகளைச் செய்யப் பணம் எங்கிருந்து வரும் என்பது மீதிப் பாதி.

வருமான வரி, சுங்கவரி, கலால் வரி ஆகிய பெரிய வரிகள் எல்லாம் கூட்டரசு அரசாங்கத்தைச் சேரும். நிலவரி, காட்டு மரம், கனிமம், உரிமக் கட்டணம் போன்றவை மாநிலத்திற்கு உரியவை. நினைத்த இடத்தில் கடன் வாங்கவும் மாநிலங்களால் முடியாது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே, மாநிலங்கள் கூட்டரசு வழங்கும் மானியங்களை நம்பியுள்ளன. மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு மானியமும், மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கென ஒரு மானியமும் ஆண்டுதோறும் வழங்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. எண்ணெய் வளத்தைப் பொறுத்தவரை, 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எண்ணெய் உற்பத்தி செய்யும் மாநிலங்களுக்கு 5 விழுக்காடு வழங்கப்படுகிறது. அது போதுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது.

இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விளைவு உண்டு. மாநிலத்தின் முக்கிய வருமானம் நிலத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வருகிறது. காட்டை வெட்டாமல் பாதுகாக்க விரும்பும் மாநிலம், மரத்தின் வழியாகக் கிடைக்கும் வருமானத்தை இழக்க நேரிடும். மழைநீரைத் தேக்கித் தரும் அந்தக் காட்டின் பயனோ அண்டை மாநிலங்களுக்கும் செல்கிறது. எனவே, காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் தனி மானியம் வழங்கத் தொடங்கியுள்ளது. ஒரு பொறுப்பைக் கொடுப்பவர், அதை நிறைவேற்றும் வழியையும் கொடுக்க வேண்டும் என்பது இங்குத் தெளிவாகிறது.

ஓர் ஆறு, பல அரசாங்கங்கள்

அதிகாரப் பகிர்வின் பயனையும் சிக்கலையும் ஒருசேர விளக்குவது தண்ணீர்.

ஆறுகள் மாநிலத்தைச் சேர்ந்தவை. குடிநீர் விநியோகமும் முன்பு மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. சில மாநிலங்களில் நீர்க் குழாய்கள் பழுதடைந்து, கடன் சுமையும் பெருகியது. 2005-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டுத் தீபகற்ப மாநிலங்களின் குடிநீர் விநியோகம் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு, நீர் விநியோகத்தை மேற்பார்வையிடத் தேசிய நீர்ச் சேவை ஆணையத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், ஆறு மாநிலத்திடமே இருந்தது. இப்போது குழாயில் வரும் நீருக்குக் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்தே பொறுப்பு.

சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மக்கள்தொகை பெருகியதால் நீர்த்தேவையும் பெருகியது. அண்டை மாநிலமான பகாங்கில் நீர்வளம் மிகுதி. பகாங்கின் செமந்தான் ஆற்று நீரைத் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து சிலாங்கூருக்குக் கொண்டுவரக் கூட்டரசு அரசாங்கம் திட்டமிட்டது. ஜப்பானின் கடனுதவியுடன் 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் மிக நீண்ட சுரங்கப்பாதைகளுள் அது ஒன்று. 2009-இல் தொடங்கிய சுரங்கப் பணி 2014-இல் முடிவுற்றது.

ஆனால், சுரங்கத்தின் வழியாக வரும் நீரைச் சுத்திகரிக்க உலு லங்காட்டில் லங்காட் 2 சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட வேண்டும். உலு லங்காட் சிலாங்கூரில் உள்ளது. அங்குக் கட்டடம் எழுப்ப மாநிலத் தரப்பின் அனுமதி தேவை. 2008 பொதுத் தேர்தலுக்குப் பின் சிலாங்கூரையும் கூட்டரசையும் வெவ்வேறு கட்சிகள் ஆட்சி செய்தன. பழைய குழாய்களில் வீணாகும் நீரை முதலில் தடுக்க வேண்டும், மாநிலத்தின் நீர் நிறுவனங்களைச் சீரமைக்க வேண்டும் என்று சிலாங்கூர் அரசாங்கம் கூறியது. நீர்ப் பற்றாக்குறை நெருங்குகிறது, நிலையத்தைத் தாமதிக்க முடியாது என்று கூட்டரசு அரசாங்கம் கூறியது. பல ஆண்டுகள் இழுபறி நீடித்தது.

2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் கடும் வறட்சி ஏற்பட்டது. அணைகளில் நீர்மட்டம் குறைந்து, பல பகுதிகளில் நீர்ப் பங்கீடு நடந்தது. மக்கள் வாளிகளுடன் நீர் லாரிகளுக்குக் காத்திருந்தனர். அந்த ஆண்டு பிப்ரவரியில் இரு அரசாங்கங்களும் உடன்பாடு கண்டன. நீர் நிறுவனங்களைச் சீரமைக்கக் கூட்டரசு ஒத்துழைக்க முன்வந்தது. லங்காட் 2 நிலையத்திற்குச் சிலாங்கூர் வழிவிட்டது.

இந்நிகழ்வை எப்படி மதிப்பிடுவது? மத்திய அரசாங்கத்திடம் பணமும் பொறியியல் திறனும் இருந்தன, நிலம் இல்லை. சிலாங்கூரிடம் நிலமும் அனுமதியும் இருந்தன. போதிய நீர் இல்லை. பகாங்கிடம் ஆறு இருந்தது; அந்த நீரைப் பகிர அதற்குரிய கட்டணம் வேண்டும். மூவரும் இசைந்தால்தான் ஒரு குழாயில் நீர் வரும். மாநிலத்திற்கு அனுமதி மறுக்கும் உரிமை இல்லாதிருந்தால் நிலையம் விரைவில் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால், மாநிலம் முன்வைத்த கேள்விகள் கேட்கப்படாமல் போயிருக்கலாம். அதிகாரப் பகிர்வு வேலையை மெதுவாக்குகிறது. அதேவேளையில், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வைக்கிறது. அந்தத் தாமதத்தின் விலையை மக்களே கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பொறுப்பு பலரிடம் இருப்பதால் வேறொரு சிக்கலும் எழுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தது. சிலாங்கூரில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குதாரர்களுக்கு நீர் தடைப்பட்டது. தொழிற்சாலைக்கு உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றம். ஆற்றைக் கவனிப்பது மாநில நிறுவனம். சுற்றுச்சூழல் குற்றத்தைத் தண்டிப்பது கூட்டரசுத் துறை. இப்படிப் பலர் காவல் இருக்கும்போது, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணினால், ஆறு காவலின்றிப் போய்விடும்.

சபாவும் சரவாக்கும்

1963 செப்டம்பர் 16-ஆம் நாள் சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை மலாயாவுடன் இணைந்து மலேசியா உருவானது. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்து தனி நாடானது. சபாவும் சரவாக்கும் சில பாதுகாப்புகளைக் கேட்டுப் பெற்ற பின்னரே இணைந்தன. எனவே, அவற்றின் அதிகாரம் மற்ற மாநிலங்களின் அதிகாரத்தைவிடக் கூடுதலானது.

தீபகற்பத்திலிருந்து கூச்சிங்கிற்கோ கோத்தா கினாபாலுவிற்கோ விமானத்தில் சென்றவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள். மலேசியராக இருந்தாலும் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அங்கு வேலை செய்ய அனுமதியும் வேண்டும். பூர்வகுடிச் சட்டம், துறைமுகம் போன்றவையும் அம்மாநிலங்களின் பட்டியலில் கூடுதலாக உள்ளன. சபாவில் திரட்டப்படும் கூட்டரசு வருமானம் 1963-ஆம் ஆண்டின் அளவைவிட எவ்வளவு மிகுகிறதோ, அதில் ஐந்தில் இரண்டு பங்கைச் சபாவிற்கு வழங்கவும் அரசியலமைப்புச் சட்டத்தில் இடமுண்டு. இதைப் பற்றிய கோரிக்கை சபாவில் நீண்டகாலமாக ஒலித்து வருகிறது.

1976-இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம், சபாவையும் சரவாக்கையும் மற்ற மாநிலங்களோடு ஒரே வரிசையில் எழுதியது. மலேசியாவை உருவாக்கிய பங்காளிகள் என்ற தங்கள் தகுதி குறைக்கப்பட்டதாக அங்குள்ளவர்கள் வருந்தினர். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பகுதியை மீண்டும் திருத்தி, 1963-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை அரசியலமைப்புச் சட்டத்தில் குறிப்பிட்டது. ஓர் உடன்பாட்டின் சொற்களை மாற்றினால், நாற்பது ஆண்டுகள் கடந்தாலும் மக்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள் என்பதற்கு இது சான்று.

ஒரு தமிழ்ப்பள்ளியின் நிலம்

அதிகாரப் பகிர்வு நம் சமூகத்தையும் நேரடியாகத் தொடுகிறது. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்ட நிலத்தில் தொடங்கப்பட்டவை. தோட்டம் மேம்பாட்டிற்காக விற்கப்படும்போதோ மக்கள் நகரங்களுக்குக் குடிபெயரும்போதோ பள்ளியை வேறு இடத்திற்கு மாற்ற வேண்டிய தேவை எழுகிறது.

ஆசிரியர்களின் சம்பளமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சைச் சேர்ந்தவை. புதிய கட்டடத்திற்கான ஒதுக்கீட்டையும் பெரும்பாலும் அமைச்சிடமே கேட்க வேண்டும். ஆனால், நிலம் மாநில அரசாங்கத்தின் கையில் உள்ளது. அரசாங்க நிலம் கிடைக்க வேண்டுமானால் மாநில ஆட்சிக்குழுவின் ஒப்புதல் வேண்டும்; நிலப் பதிவுக்கு நில அலுவலகம் செல்ல வேண்டும். கட்டட வரைபடத்தை ஊராட்சி மன்றம் ஏற்க வேண்டும். ஓர் அரசாங்கம் ஒப்புதல் அளித்து, மற்றோர் அரசாங்கத்தின் கோப்பு நகராவிட்டால் மாணவர்கள் பழைய கட்டடத்திலேயே காத்திருக்க நேரிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கல்வி மாநிலப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநில அரசாங்கங்கள் தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கி வருகின்றன. ஒரு கதவு திறக்கத் தாமதமாகும்போது மற்றொரு கதவைத் தட்டும் வாய்ப்பு கூட்டாட்சியில் உண்டு. எந்தக் கதவில் எதைக் கேட்பது என்று அறிந்த பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தங்கள் பள்ளிக்குப் பெரும் நன்மை செய்கின்றன.

மாநிலங்களின் குரல் எங்கே ஒலிக்கிறது?

மாநிலங்களும் கூட்டரசும் கூடிப் பேசச் சில மேடைகள் உள்ளன. தேசிய நில மன்றம், தேசிய நிதி மன்றம், தேசிய ஊராட்சி மன்றம் ஆகியவற்றில் இரு தரப்பினரும் அமர்கின்றனர். ஒன்பது மாநிலங்களின் ஆட்சியாளர்கள் மலாய் ஆட்சியாளர்கள் மன்றத்தில் கூடி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நாடாளுமன்றத்தின் மேலவையும் மாநிலங்களின் குரலாக இருக்க வேண்டும் என்றே முதலில் திட்டமிடப்பட்டது. 1957-இல் மேலவை உறுப்பினர்கள் 38 பேர். அவர்களுள் 22 பேர் மாநிலச் சட்டமன்றங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 16 பேர் நியமிக்கப்பட்டவர்கள். இன்று உறுப்பினர்கள் 70 பேர். அவர்களுள் 26 பேர் மட்டுமே மாநிலங்களால் அனுப்பப்படுகிறார்கள். 44 பேர் நியமிக்கப்படுகிறார்கள். சட்டத்தின் சொற்கள் பெரிதும் மாறாவிட்டாலும், எண்ணிக்கை மாறினால் அதிகாரத்தின் எடையும் மாறிவிடும்.

மாநிலத்திற்கும் கீழே உள்ள ஊராட்சி மன்றங்களையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திற்குப் பின் நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. மத்தியிடம் அதிக அதிகாரம் கேட்கும் மாநிலம், தனக்குக் கீழே உள்ளவர்களுடன் எவ்வளவு பகிர்ந்துகொள்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

நிறைவாக

வலுவான மத்திய அரசாங்கத்தால் நன்மைகள் உண்டு. நாட்டின் எந்த மூலையில் பிறந்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே குடியுரிமை கிடைக்கின்றன. வசதி குறைந்த மாநிலத்திற்கு வசதி மிகுந்த மாநிலத்தின் வரிப்பணம் சென்று சேர்கிறது. மறுபுறம், தொலைவில் இருந்து எடுக்கப்படும் முடிவு எல்லா இடத்திற்கும் பொருந்துவதில்லை. 2020 மே மாதம் கோவிட் கட்டுப்பாடுகளைத் தளர்த்தக் கூட்டரசு அரசாங்கம் முடிவு செய்தபோது, சபா, சரவாக், கெடா உள்ளிட்ட சில மாநிலங்கள் தங்கள் நிலைமைக்கு ஏற்ப உடனே தளர்த்த வேண்டாம் என்று தீர்மானித்தன.

ஆகவே, ஒரு நாட்டில் அதிகாரம் உண்மையில் பகிரப்பட்டுள்ளதா என்பதை அறிய மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது? அந்த முடிவை நிறைவேற்றும் பணம் யாரிடம் உள்ளது? கொடுக்கப்பட்ட உரிமையை ஒருதலையாகத் திரும்பப் பெற முடியுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் உரிய விடையைக் கண்டறிந்தால், பட்டியலில் உள்ள அதிகாரத்தையும் நடைமுறையில் உள்ள அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

மாணவர்களே, நீங்கள் விரைவில் 18 வயதை எட்டி வாக்காளர்களாவீர்கள். பல மாநிலங்களில் வாக்களிக்கும் நாளன்று உங்களிடம் இரண்டு வாக்குச் சீட்டுகள் தரப்படலாம்: ஒன்று நாடாளுமன்றத்திற்கு, மற்றொன்று சட்டமன்றத்திற்கு. இரண்டிலும் வெவ்வேறு பொறுப்புகளுக்கான ஆளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமா, ஆற்றைத் தூய்மையாக்க வேண்டுமா, சாலைக்கு விளக்கு வேண்டுமா என்று பார்த்து, உரியவரிடம் உரியதைக் கேட்பது குடிமக்களின் கடமை.

அருஞ்சொற்பொருள்

தன்னாட்சி – தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை
ஆணையம் – ஒரு பணியை ஆராய்ந்து செய்ய நியமிக்கப்பட்ட குழு
அட்டவணை – சட்டத்தின் இறுதியில் இணைக்கப்படும் விவரப் பட்டியல்
மானியம் – அரசாங்கம் வழங்கும் நிதியுதவி
இணக்கம் – உடன்பாடு, சம்மதம்
இழுபறி – முடிவு காணப்படாமல் நீளும் நிலை
ஒருதலையாக – மற்றவரைக் கலக்காமல், ஒரு தரப்பு மட்டுமே
மேலவை – நாடாளுமன்றத்தின் டேவான் நெகாரா

சிந்தித்து விடையளிக்க

1. கல்வி அமைச்சு பள்ளி நாள்காட்டியை இரண்டு பிரிவுகளாக வெளியிடுவதன் காரணம் என்ன?
2. வட அயர்லாந்தின் அதிகாரத்திற்கும் சரவாக்கின் அதிகாரத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. மலாயன் யூனியன் நீண்டகாலம் நிலைக்காததிலிருந்து நீ அறிந்துகொண்டது என்ன?
4. லங்காட் 2 திட்டத்தில் கூட்டரசு, சிலாங்கூர், பகாங் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்திருந்தன?
5. “அதிகாரப் பகிர்வு வேலையை மெதுவாக்குகிறது.” இக்கருத்தை நீ ஏற்கிறாயா? பகுதியிலுள்ள சான்றுகளுடன் உன் நிலைப்பாட்டை எழுதுக.
6. உன் வட்டாரத்தில் உள்ள ஒரு குறைபாட்டைத் தேர்ந்தெடு. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது கூட்டரசா, மாநிலமா, ஊராட்சி மன்றமா என்பதைக் கண்டறிந்து, உரிய தரப்புக்கு 120 சொற்களில் ஒரு புகார்க் கடிதம் எழுதுக.